எலுமிச்சம்பழ வழக்கு

தேர்தல் கூட்டங்களில் அவித்த உருளைக்கிழங்கு மட்டுமே பரிமாற வேண்டும் என்று விதி எழுதிய மகானுபாவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவரைச் சுங்கை மெலூருக்கு இழுத்துப் போய், தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் வாசம் வரும் தெருவில் உட்காரவைத்து, கையில் ஓர் உருளைக்கிழங்கைக் கொடுத்திருப்பேன். கறிக்குழம்பு ஓர் இனத்தைக் காட்டிக்கொடுக்குமாம். மீ கோரேங் நூடுல்ஸ் இன்னொன்றைக் காட்டிக்கொடுக்குமாம். உருளைக்கிழங்குக்கு மட்டும் இனமே கிடையாதாம். உப்பாவது போட்டுக்கொள்ளலாமா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டேன். பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது.

என் பெயர் தவமலர். முகமறைப்புத் தேர்தல் வாரியத்தில் மறைப்பு அதிகாரி. இது என்ன வேலை என்று என் அம்மாவுக்கே இன்னும் புரியவில்லை, அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லிவிடுகிறேன்.

நம் நாட்டில் எவரும் ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுவதில்லை, இனத்தைப் பார்த்துத்தான் போடுகிறார்கள் என்று எல்லாரும் எல்லாரையும் திட்டிக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. மலாய்க்காரர் நின்றால் ஒரு கணக்கு, சீனர் நின்றால் ஒரு கணக்கு, தமிழர் நின்றால் கணக்கே கிடையாது, வெறும் கவலைதான். பிறகு, மேடையில் யாரும் யாரையும் புண்படுத்தக் கூடாது என்று ஒரு சட்டம் வந்தது. புண்படுத்தாமல் பேசியே இனப் பிரிவினையை வளர்த்தார்கள் நம் ஆட்கள். அவர்கள் லேசுப்பட்டவர்களா என்ன! கடைசியில்தான் மறைகவசம் வந்தது.

கவசம் என்றால் இரும்பு இல்லை. கொசுவலை மாதிரி மெல்லிய வலைதான். உச்சந்தலையிலிருந்து உள்ளங்கால் வரை போர்த்திக்கொண்டால், வெளியே சாம்பல் நிறத்தில் ஒரு மனித உருவம் மட்டும் தெரியும். குட்டையோ நெட்டையோ, ஆணோ பெண்ணோ, கறுப்போ சிவப்போ, ஒன்றும் தெரியாது. பேச்சையும் அதுவே வாங்கிச் சலித்து, கேட்பவர் காதுக்கு அவரவர் மொழியில், யாருக்கும் உறுத்தாத சொற்களில் அனுப்பிவிடும். வேட்பாளருக்குப் பெயர் கிடையாது, எண் மட்டும்தான். தன் இனம் இன்னதென்று வேட்பாளர் பேச்சாலோ செய்கையாலோ காட்டிவிட்டால் அன்றோடு தகுதி போய்விடும். முடிவு வந்த பிறகு மேடையில் எல்லார் முன்னாலும் கவசத்தைக் கழற்ற வேண்டும். அதுவரை, கூடவே அலையும் மறைப்பு அதிகாரிக்கும் உள்ளே இருப்பது யாரென்று தெரியாது. ஏதாவது வார்த்தை வாய்தவறி வந்துவிட்டால், என் மணிக்கட்டில் உள்ள பொத்தானை அழுத்தி அதை ஊமையாக்குவதுதான் என் உத்தியோகம்.

சுங்கை மெலூரில் எனக்கு வாய்த்தவர் வேட்பாளர் மூன்று. முதல் நாள் காலையில் வேனுக்குள் ஏறி எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"பசியாறிட்டீங்களா?" என்றேன். இந்தக் கேள்வியும் முன்பு தடைப்பட்டியலில் இருந்தது. தமிழர்கள்தான் பார்த்த உடனே சாப்பாட்டை விசாரிப்பார்கள் என்று எவரோ எழுதிவைத்திருந்தார். நாங்கள் மட்டும் விருந்தாளியைப் பட்டினி போடுகிறோமா என்று மலாய்க்காரர்களும் சீனர்களும் சண்டைக்கு வந்ததும் நீக்கிவிட்டார்கள்.

"உருளைக்கிழங்கு உண்டேன்," என்றார் மூன்று. கவசம் அவர் பேச்சைச் செய்தி வாசிப்பவர் குரலில் என் காதில் போட்டது. "தவமலர் அவர்களே, இதனுள் வெப்பம் மிகுதியாக உள்ளது. இதனை வடிவமைத்தவர் அறிவுக் குறைபாடு உடையவரோ என்று ஐயுறுகிறேன்."

நான் சிரித்த சிரிப்பில் ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். உள்ளே இருந்தவர் உண்மையில் என்ன வார்த்தை சொல்லியிருப்பார் என்று யூகிக்கத் தெரியாதா எனக்கு! அந்த நிமிடமே அவரை எனக்குப் பிடித்துப்போனது. வாய்க்கு வாய் வேட்பாளர் என்று அழைக்க வரவில்லை. மூணு என்றே கூப்பிட ஆரம்பித்தேன்.

"சரி மூணு, எதுக்காக நிக்கிறீங்க? பொதுவா சொல்லுங்க. குடும்பம், குலம் எதையும் இழுத்துடாதீங்க."

"இவ்வூரின் சாலைகளுக்காக நிற்கிறேன். பேறுகால வலி கண்ட பெண்கள் பெரிய மருத்துவமனையை அடைவதற்குள் குழந்தைகள் குலுங்கியே பிறந்துவிடுகின்றன." வலையை ஒரு தரம் உதறிவிட்டுத் தொடர்ந்தார். "வேறொரு காரணமும் உண்டு. முன்னர் இரு கட்சிகளிடம் வாய்ப்புக் கேட்டேன். என்னைக் கண்ணால் கண்டால் எவரும் வாக்களிக்கமாட்டார்கள் என்று கூறி இரண்டும் மறுத்தன. இவ்வூர் என்னைத் தேர்ந்தெடுக்குமா என்று ஒருமுறையேனும் அறிய விரும்புகிறேன். கவசம் இருப்பதால் மட்டுமே எனக்கு இந்த வாய்ப்புக் கிட்டியது. இதை விட்டால் வேறு வழியில்லை."

விதிப்படி அந்தப் பேச்சை நான் அங்கேயே நிறுத்த வேண்டும். நிறுத்தவும் செய்தேன். ஆனால் மனசை யார் நிறுத்துவது? கண்ணால் பார்த்தால் ஓட்டு விழாதாம்! அப்படியென்றால் வேறு யார்? நம் ஆள்தான். சந்தேகமே இல்லை. ஒரு தமிழர் இத்தனை ஆசையோடு வந்து உட்கார்ந்திருக்கிறார், இவரை எப்படியாவது கரையேற்றிவிட வேண்டும் என்று அந்த வேனுக்குள்ளேயே முடிவு செய்துவிட்டேன். இனம் பார்க்கக் கூடாது என்பதற்காக அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

முதல் கூட்டம் சந்தைத் திடலில். ஊரே திரண்டு வந்திருந்தது. மூன்று மேடையேறிப் பேசினார்.

"அன்பிற்குரிய பொதுமக்களே, இவ்வூர்ச் சாலைகளில் ஆங்காங்கே தரையின் சமநிலைக் குறைவு காணப்படுகிறது."

குழி என்ற சொல் பழைய சட்டமன்ற உறுப்பினரைப் புண்படுத்தும் என்று கவசம் அதை அப்படி மாற்றியிருந்தது. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "முன்னாள் உறுப்பினர் இச்சமநிலைக் குறைவை நேரில் காண வரவில்லை. அவர் வேறு பணிகளில் ஈடுபாடு கொண்டிருந்தார்," என்றார். அதற்குக் கைதட்டலும் விசிலும். இதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. உருளைக்கிழங்கு தின்று தின்று பாவம் எதற்கெடுத்தாலும் சிரிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மாலையில் எனக்கு இன்னொரு வேலை. கூட்டத்துக்கு வந்தவர்களைப் பிடித்து, வேட்பாளர் எந்த இனமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். நிறையப் பேர் ஒரே மாதிரி சொன்னால் கவசம் கசிகிறது என்று அர்த்தம்.

நாசி லெமாக் கடை ரொகாயாவிடம் முதலில் கேட்டேன். அறுபது வயதுக்காரர். அவருடைய தமிழ் என் தமிழைவிடத் தெளிவு.

"நார்வேக்காரரா இருக்கும்மா. இல்லாட்டி அந்த உருளைக்கிழங்க எப்படி வாயில வைக்கிறது?"

ஹார்ட்வேர் கடை ஆ செங், எங்கே நின்றாலும் பல் குத்திக்கொண்டே நிற்பவர். "எனக்குத் தெரியாது லா. ஆம்பளையா பொம்பளையான்னே தெரியல. நீங்க கிட்டவே இருக்கீங்க, உங்களுக்கு என்னா தோணுது?"

"நான் சொல்லக் கூடாது அங்கள்."

"ஆனா தோணுது, இல்ல?" என்று கண்ணைச் சிமிட்டினார்.

முடிதிருத்தும் கடை மாசிலாமணி ஜப்பான் என்றார். அவர் மனைவி, ஒரு வேளை ரோபோவாக இருக்குமோ என்று பயந்து பேசினார். நாள்தோறும் இதே கூத்துதான். எந்த இரண்டு பேரும் ஒரே பதிலைச் சொல்லவில்லை. நாட்டிலேயே கசிவே இல்லாத தொகுதி சுங்கை மெலூர்தான் என்று மேலிடம் எனக்குப் பாராட்டு அனுப்பியது. நான் அதை அம்மாவுக்கு அனுப்பினேன்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் பழைய வேன் படுத்துவிட்டது. வாரியம் புது வேன் அனுப்பியது. பளபளவென்று, இருக்கையின் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் சந்தை முனையில் வந்து நின்றது. நான் ஏறி உட்கார்ந்தேன். மூன்று ஏறவில்லை. நேராக எதிரே இருந்த காய்கறிக் கடைக்குப் போனார்.

"நான்கு எலுமிச்சம்பழம் தருக," என்று கேட்டது காதில் விழுந்தது.

எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை. தொண்டைக்கு இதமாகக் குடிக்கக் கேட்கிறார் போலும் என்று விட்டுவிட்டேன். அவர் குனிந்து ஒவ்வொரு டயருக்கும் முன்னால் ஒரு பழத்தை வைத்தபோதுதான் விஷயம் புரிந்தது. வார்த்தை என்றால் பொத்தானை அழுத்தலாம். குனிந்து நிற்கும் ஆளை எந்தப் பொத்தானால் மறைப்பது? "மூணு! மூணு!" என்று கத்துகிறேன், அவர் ஓட்டுநருக்குக் கைகாட்டுகிறார், வேன் நகர்கிறது, நான்கு பழமும் சதக் சதக்கென்று நசுங்குகின்றன. நிமிர்ந்த பிறகுதான் தான் என்ன செய்தோம் என்று அவருக்கே தெரிந்தது.

தெருவுக்கு அந்தப் பக்கம் வேட்பாளர் ஒன்றின் முகவர் ரத்தினவேலு கையில் கேமராவோடு நின்றுகொண்டிருந்தார். தலைநகரத்திலிருந்து வந்தவர். எப்போதும் கழுத்துப் பட்டையைத் தளர்த்தாத மனிதர். முகமெல்லாம் பல்லாகச் சிரித்தார்.

புகார் அன்றைக்கே போய்விட்டது. வேட்பாளர் மூன்று தமிழர் என்று தன் செய்கையால் வெளிப்படுத்திக்கொண்டார், தகுதியிழப்புச் செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார் அந்தப் புண்ணியவான்.

வேனுக்குள் மூன்று தலையைக் கவிழ்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "என் கை, என் மூளையைக் கேளாமலேயே செய்துவிட்டது. எனக்கு வாய்த்த ஒரே வாய்ப்பை நானே நசுக்கிவிட்டேன். இனி இவ்வூர் என்னை ஏற்குமா என்பதை நான் அறியவே போவதில்லை." செய்தி வாசிப்பவர் குரல் அழாது. ஆனால் சாம்பல் நிறத் தோள்கள் குலுங்கின. வேட்பாளரைத் தொடக் கூடாது என்பது விதி. விதியாவது ஒன்றாவது! நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

விசாரணை பூப்பந்து மண்டபத்தில் நடந்தது. விசாரிக்க வந்தவர் ஆணையர் நோராய்னி. சிரித்தால் அபராதம் என்பது போன்ற முகம். புதுக்காரில், எண்பலகையின் மெருகு கூடக் கலையாத காரில் வந்து இறங்கினார். ஊர் சனம் முழுவதும் மண்டபத்துக்குள் இருந்தது. இடம் கிடைக்காதவர்கள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்.

ரத்தினவேலு எழுந்து படத்தைத் திரையில் போட்டார். "மேடம், இது எங்க பழக்கம். தமிழங்க பழக்கம். புது வண்டி வாங்குனா டயருக்குக் கீழ பழம் வச்சு நசுக்காம எடுக்கவே மாட்டோம். கண்ணு படக் கூடாதுன்னு. எங்கப்பா மோட்டார்சைக்கிள் வாங்குனப்பவும் வச்சாரு, நான் காடி வாங்குனப்பவும் வச்சோம். வேற எந்த இனத்துக்காரரும் இத செய்ய மாட்டாங்க. இதுக்கு மேல என்னா ஆதாரம் வேணும்?"

சரியாகத்தான் சொன்னார். வேட்பாளர் சார்பில் பேச வேண்டியவள் நான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. அப்போது, கூப்பிடாமலேயே, பின்வரிசையிலிருந்து ரொகாயா எழுந்து, மேடம் என்பதை மலாயில் சொல்லி ஆரம்பித்தார்.

"புவான், எங்க வேனுக்கும் நாலு பழம் வச்சுத்தான் எடுத்தோம்."

ஆணையர் கண்ணாடியைக் கழற்றினார். "நீங்கள் மலாய்க்காரர்தானே?"

"ஆமா. எனக்கு இது சாமி விஷயம் இல்ல. வாரண்டி விஷயம். பழம் வைக்காம எடுத்துட்டுப் போயி டயர் கழண்டுச்சுன்னா எங்கிட்ட வந்து அழுவாதன்னு சொல்லிடுவாங்க. எதுக்கு வம்பு?"

"யார் சொல்வார்கள்?"

ரொகாயா ஆ செங்கை ஒரு தரம் பார்த்துவிட்டு முக்காட்டைச் சரிசெய்தார். "எல்லாருந்தான் சொல்லுவாங்க புவான்," என்றார்.

அடுத்து ஆ செங். "என் லோரிக்கு வச்சேன். பெரிய லோரி, பத்து டயர். பத்துப் பழம். அந்த வாரம் மார்க்கெட்ல எலுமிச்ச வில ஏறிப்போச்சு, எல்லாரும் என்னைத்தான் ஏசுனாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "எங்க பக்கத்துல செத்தவங்களுக்குக் காகிதத்துல காரு, அதான் காகிதக் காடி, செஞ்சு எரிப்போம் மேடம், தெரியும்தானே? போன வருஷம் எங்கப்பாவுக்கு எரிச்சோம். அந்தக் காகிதக் காடிக்கும் வச்சேன். சின்னப் பழமா பாத்து."

ஜன்னலில் தொங்கியவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்தார்கள். பள்ளி பஸ் ஓட்டுபவர், டுரியான் பழ வியாபாரி, மீன்காரர், தீயணைப்பு நிலையத் தலைவர். தீயணைப்பு வண்டிக்குமா என்று ஆணையர் கேட்டார். அதற்குத்தான் முதலில் என்றார் தலைவர். எல்லாருடைய கைப்பேசியிலும் படம் இருந்தது. அத்தனை இனத்து ஆட்களும் அத்தனை வகை வண்டிக்கு முன்னால் பழத்தோடு நின்று பல்லைக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

எனக்கு உயிர் வந்தது. நாக்கும் வந்தது. வருவது வரட்டும் என்று ஒரு கேள்வியை எறிந்தேன்.

"ரத்தினவேலு சார், உங்க ஒன்றாம் வேட்பாளருக்கும் வாரியம் புது வேன்தானே குடுத்துச்சு? மொதல் நாள் அத எப்படி எடுத்தீங்க?"

"எப்படின்னா? சாதாரணமா... சாவியப் போட்டு..."

"டயருக்குக் கீழ?"

மனிதர் கழுத்துப் பட்டையை முதன்முறையாகத் தளர்த்தினார். மண்டபமே அவர் வாயைப் பார்த்தது. "அது வேட்பாளர் வைக்கல மேடம்," என்றார் மெல்ல. "நாந்தான் வச்சேன். புது வண்டியாச்சே, மனசு கேக்கல."

கூரை பறந்துவிடும் போல ஒரு சத்தம். ஆணையர் மேசையைத் தட்டித் தட்டிப் பார்த்தார். பிறகு தன் பங்குக்கு இருமுவது போல முகத்தை மூடிக்கொண்டார். சிரிப்புத்தான், எனக்கு நன்றாகத் தெரியும்.

"சுங்கை மெலூர் எல்லைக்குள் எலுமிச்சம்பழத்துக்கு இனம் இருப்பதாக நிரூபிக்கப்படவில்லை. புகார் தள்ளுபடி," என்று தீர்ப்பு வாசித்தார். மூன்று நாற்காலியிலிருந்து எழுந்து, "என் உள்ளம் பெரிதும் மகிழ்கிறது," என்று கையைக் காலை ஆட்டிக் குதித்தார். செய்தி வாசிப்பவர் குரலோடு ஒருவர் குதிப்பதை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள்.

வெளியே ஆணையர் தன் புதுக்காருக்கு அருகில் போனவர் கதவைத் திறக்காமல் நின்றார். டயரைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். ஆ செங் போய்ப் பையிலிருந்து நான்கு பழத்தை எடுத்துவைத்தார். "இது விசாரணைக்கு அப்பாற்பட்டது," என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார் ஆணையர்.

வாக்குப்பதிவு வந்தது, போனது. மூன்று ஜெயித்தார். சும்மா ஜெயிக்கவில்லை, அள்ளிக்கொண்டு போனார். மலாய்க் கம்பத்துக் கிராமத்திலும் அவர்தான், சீனர் தெருவிலும் அவர்தான், தோட்டத்துத் தமிழர் வரிசை வீடுகளிலும் அவர்தான். கவசம் கழற்றும் விழாவுக்குச் சந்தைத் திடலில் மேடை போட்டார்கள். தேர்தல் முடிந்துவிட்டதால் உருளைக்கிழங்குச் சட்டமும் முடிந்தது. ஒரு பக்கம் குச்சியில் சுட்ட இறைச்சியான சாத்தேயின் புகை, ஒரு பக்கம் வறுத்த வாத்து, ஒரு பக்கம் மாசிலாமணி வீட்டு வடை. நான் மூன்றிலும் கைவைத்தேன்.

முதலில் வேட்பாளர் ஒன்று கவசத்தைக் கழற்றினார். கூட்டம் எட்டி எட்டிப் பார்த்தது. ஒருத்தருக்கும் அவரை யாரென்று தெரியவில்லை. பாவம், அவரும் மரியாதைக்குக் கையாட்டிவிட்டு இறங்கினார்.

வேட்பாளர் இரண்டு முன்பே விலகிவிட்டதால் அடுத்து மூன்றின் முறை. மேடைக்குப் பின்னாலிருந்த கூடாரத்துக்குள் அவர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"நான் வெளியே வரவில்லை, தவமலர் அவர்களே."

"ஐயையோ, என்ன மூணு இது! ஊரே காத்துக்கிட்டு இருக்கு."

"அவர்கள் சாம்பல் நிறத்துக்கு வாக்களித்தார்கள். எனக்கு அல்ல. என் முகத்தைக் கண்டதும் அவர்கள் முகம் மாறும். அதைக் காண எனக்கு வலிமை இல்லை. முகம் தெரியாததால் கிடைத்த வெற்றி என்று எல்லோரும் கூறுவர். அது உண்மையும்கூட."

இவ்வளவு தூரம் ஜெயித்து வந்த ஒருவர், ஜெயித்தது தான் இல்லை என்று நம்பிக்கொண்டு நிற்கிறார். இந்தக் கவசத்தைச் செய்தவர்களை நானும் அப்போது அறிவுக் குறைபாடு உடையவர்கள் என்றுதான் நினைத்தேன். "மாறுற மூஞ்சி மாறிட்டுப் போவட்டும்," என்றேன். "எனக்கு மாறாது. நான் பக்கத்துலயே நிக்கிறேன். வாங்க." கையைப் பிடித்து மேடைக்கு இழுத்துப் போனேன்.

கவசத்தின் பொத்தானை அழுத்தினேன். சாம்பல் நிறம் கரைந்தது.

உள்ளே இருந்தது ஒரு சீனப் பெண். நாற்பத்தைந்து வயது இருக்கும். வெளுத்த வட்ட முகம், சின்னக் கண்கள். எனக்குப் பொசுக்கென்று ஆகிவிட்டது. நம் ஆள் இல்லையா! அப்புறம்தான் நெற்றியில் குங்குமத்தைப் பார்த்தேன், பருத்திச் சேலையைப் பார்த்தேன், நகக்கண்ணில் கழுவிப் போகாத கிரீஸைப் பார்த்தேன். ஒன்றும் விளங்காமல் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

யாரும் அதிரவில்லை. யாரும் பக்கத்து ஆளைப் பார்க்கவில்லை. ஒரு முகமும் மாறவில்லை. பாதிப் பேர் வாயில் சாத்தே இருந்தது.

"பாக்கியம்!" என்று முன்வரிசையிலிருந்து கத்தினார் ரொகாயா. "எலெக்சன் முடிஞ்சிருச்சில்ல? என் வேனு பிரேக்க எப்பப் பாக்கப்போற? எத்தன நாளா கடைய மூடிப்போட்டுட்டுத் திரியுற?"

"என் லோரியும் நிக்கிது லா!" என்றார் ஆ செங்.

அந்தப் பெண் வாயைத் திறந்தாள். முதன்முதலாக அவளுடைய சொந்தக் குரலைக் கேட்டேன். கரகரவென்று, அசல் சுங்கை மெலூர்த் தமிழ். "அடப்பாவிங்களா... நான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"மொதல் நாளே தெரியும். மேடைக்கு ஏறுறதுக்கு முந்தி வேன சுத்திவந்து நாலு டயரையும் காலால ஒதச்சுப் பாத்தியே. இந்த ஊர்ல வேற எவ அப்படி செய்வா?" என்றார் ரொகாயா.

நானும்தான் அன்று அதைப் பார்த்தேன். டயரை உதைப்பதில் இனம் எதுவும் தெரியவில்லையே என்று விட்டுவிட்டேன்.

ஆ செங் மேடையோரமாக வந்து என் காதைக் கடித்தார். "ரெண்டு மாசக் கொழந்தையில முத்தையா வீட்டுக்கு வந்தா. எங்க சனந்தான் குடுத்துச்சு, பொட்டப்புள்ள வேணாம்னு. முத்தையாவும் அவரு சம்சாரமும் பாக்கியம்னு பேரு வச்சு வளத்தாங்க. அவரு டயர் கடையத்தான் இப்ப இவ நடத்துறா. பழம் வைக்காம ஒரு வண்டியையும் வெளிய விடமாட்டா. சட்டசபைக்கு நிக்கணும்னு ஆசப்பட்டுக் கட்சிங்ககிட்ட போனா. இந்தியர் கட்சி மூஞ்சியப் பாத்துச்சு. சீனர் கட்சி பேரப் பாத்துச்சு."

"அப்ப நீங்க எல்லாரும்... நான் கேட்டப்ப..."

"வாயத் தொறந்தா அவள போட்டியிலேருந்து எடுத்துடுவீங்களே. அதான், ஊரே பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தோம். சிரிப்ப அடக்கத்தான் முடியல. அந்த மிசின் அவ பேசுறத மாத்திச் சொல்லும்போது... ஐயோ!"

வாரியத்து இளம் அதிகாரி ஒருவர் கையில் பலகையோடு வந்து, விதிப்படி வெற்றியாளரின் இனத்தை இப்போது அறிவிக்க வேண்டும், எந்தக் கட்டத்தில் குறிக்கட்டும் என்று பாக்கியத்திடம் கேட்டார். அவள் காதில் அது விழவே இல்லை. மேடை விளிம்பில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். கன்னத்தில் கண்ணீர் வழிய, மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, ஊரைப் பார்த்துக் கேட்டாள்.

"நான்னு தெரிஞ்சுமா போட்டீங்க?"

"தெரிஞ்சதாலதான்டி போட்டோம்," என்றார் ரொகாயா. "தெரியாத ஆளுக்கு எவனாச்சும் ஓட்டுப் போடுவானா?"